நாற்பத்து மூன்று மூச்சு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கந்தோரில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது சிந்துவிடமிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது.

"அண்ணை, டிஸ்க் நிரம்பிப்போச்சு. துப்புரவாக்கிறன். 'மூச்சு' எண்டு ஒரு ஃபோல்டர் கிடக்கு. உள்ளுக்கை நாப்பத்து மூண்டு ஃபைல். ஒவ்வொண்டும் ஒரு செக்கன், ரெண்டு செக்கன். போட்டுக் கேட்டன், காத்துச் சத்தம்தான். அழிக்கட்டே?"

நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுதினேன். "ஞாயிறு வரைக்கும் பொறு. தொடாதை."

உடனே அடுத்தது வந்தது. "சரி. அப்ப இன்னொண்டு. அந்தச் சாவகச்சேரிப் பாட்டிலை ரெண்டாவது இடையிசை, குழல், அது உண்மையா நீங்கள் கிற்றாரிலை வாசிச்சதே? கொப்பியிலை யமுனா எண்ட பேரை வெட்டிப்போட்டு உங்கடை பேர் எழுதிக்கிடக்கு. நம்பேலாமல் கிடக்கண்ணை. எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. இளைப்பாறின ஆக்களுக்கு வேறை என்ன வேலை?"

அவள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதைக் கைபேசியில் எழுத முடியவில்லை, அதனால் இப்படி எழுதுகிறேன்.

இளைப்பாறினவர் என்பது பகிடி. எனக்கு வயது முப்பத்திரண்டு. நாலு மாதத்துக்கு முன்னர் அரசாங்க உத்தியோகம் கிடைத்து மன்னார்ப் பக்கம் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். குருநகரில் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பாவும் அவருடைய அப்பாவும் கடலுக்குப் போனவர்கள். அம்மா நவநாள் செபம் வைத்துக் கேட்டது இந்த உத்தியோகத்தைத்தான். கிடைத்தபோது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மருதனார்மடத்தில், ரஜனி அக்கா வீட்டின் பின்பக்கத்து ஒலிப்பதிவு அறையில் எட்டு வருடம் இருந்த கதிரையை விட்டு எழும்பினேன். அதில் இப்போது சிந்து இருக்கிறாள்.

அந்த அறைக்கு நான் போய்ச் சேர்ந்ததே ஒரு இடைவெளியால்தான். ரஜனி அக்காவிடம் கீபோட் வாசித்த பெடியன் கனடாவுக்குப் போய்விட்டான். நான் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லி அனுப்பி, போய் வாசலில் நின்றேன்.

"கீபோட் தெரியுமோ?"

"இல்லை அக்கா. கிற்றார் மட்டும்தான்."

"இஞ்சை வாற சனத்துக்குத் தேவை வயலின், குழல், வீணை, நாதஸ்வரம். கிற்றார் ஒருத்தரும் கேக்கிறேல்லை, தம்பி."

அப்படிச் சொல்லிவிட்டு என்னுடைய முகத்தைப் பார்த்தா. என்ன கண்டாவோ, அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தா. "உதைக் கிற்றாரிலை பூட்டினால் எல்லா வாத்தியமும் வருமாம். போன பெடியன் ஆசைப்பட்டு வாங்கி ரெண்டாம் நாளே கைவிட்டவன். உனக்கு ஒரு மாதம் தாறன். வயலின் வயலின் மாதிரிக் கேட்டால் இரு. இல்லாட்டிக் கோயிலிலையே வாசி."

பெட்டிக்குள் இருந்தது விரல் அகலப் பட்டை ஒன்று. கிற்றாரின் அடிப்பக்கத்தில் கம்பிகளுக்குக் கீழே ஒட்டவேண்டும். ஆறு கம்பிக்கும் ஆறு தனித்தனிக் காது அதில் இருக்கிறது. நான் கம்பியை மீட்டினால், எந்தச் சுரம், எவ்வளவு பலமாக, எவ்வளவு வளைத்து என்று அது கணினிக்குச் சொல்லும். கணினிக்குள் உண்மையான வயலின்காரர், குழல்காரர் வாசித்துப் பதிந்த ஆயிரக்கணக்கான துண்டு ஒலிகள் இருக்கின்றன. கணினி அதில் பொருத்தமானதை எடுத்து ஒலிக்கும். கையில் இருப்பது கிற்றார், காதில் கேட்பது வயலின்.

அம்மா ஒருநாள் சாப்பாடு கொண்டு வந்து வாசலில் நின்று பார்த்தா. நான் மீட்ட, ஒலிபெருக்கியில் இருந்து நாதஸ்வரம் கேட்டது. அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தா, கதவுக்குப் பின்னாலும் பார்த்தா.

"உள்ளுக்கை ஆர் மோனை ஊதுறது?"

"ஒருத்தரும் இல்லையணை. நான்தான்."

"நீ ஊதேல்லையே, சுரண்டிறாய்."

அவவுக்குக் கடைசிவரை அது பிடிபடவில்லை. "அவன் மருதனார்மடத்திலை சுரண்ட, எங்கையோ ஒருத்தன் ஊதுறான்" என்றுதான் குருநகரில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தா. யோசித்தால் அவ சொன்னதுதான் சரி.

அந்த ஒரு மாதமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் பிழைவிட்டே போனது. அதை நீட்டத் தேவையில்லை. சிந்துவுக்குப் பயன்படுவதைச் சொல்கிறேன்.

முதலாவது, துப்புரவு. கோயிலில் வாசிக்கும்போது விரல் பக்கத்துக் கம்பியில் பட்டால் ஒருவருக்கும் தெரியாது. இங்கே பட்டால் அதுவும் ஒரு சுரம். வயலினுக்கு நடுவில் பேய் கத்துகிற மாதிரி ஒன்று வந்து போகும். அதனால் கிற்றார்க் கழுத்தின் தலைப்பக்கத்தில் தலைமயிர் கட்டுகிற பான்ட் ஒன்றைச் சுற்றவேண்டும். நான் எட்டு வருடமும் பாவித்தது ரஜனி அக்காவின் மகளுடைய மஞ்சள் பான்ட். வாசிக்காத கம்பி வாய் திறக்காது.

இரண்டாவது, தடித்த கம்பிகளை நம்பக்கூடாது. அவை மெதுவாக அதிர்கிறபடியால் என்ன சுரம் என்று கண்டுபிடிக்கப் பட்டைக்கு நேரம் எடுக்கும், ஒலி பிந்தி வரும். கீழ்ச் சுரம் வேண்டுமென்றால் மெல்லிய கம்பியில் வாசித்துவிட்டு, கணினியில் ஒரு ஸ்தாயி இறக்கு. மூன்றாவது, கம்பியை வளைக்கிற அளவு பட்டையிலும் கணினியிலும் ஒன்றாக இருக்கவேண்டும். நான் இதை மறந்து வாசித்த முதல் கமகத்தைக் கேட்டு ரஜனி அக்கா, "ஆருக்குத் தம்பி வயித்துக்குத்து?" என்று கேட்டா.

எல்லாவற்றையும் விடப் பெரியது நாலாவது. கிற்றார்க்காரன் மாதிரி யோசிக்கக்கூடாது. வயலினுக்கு வில் முடிந்துவிடும், திருப்பவேண்டும். அதற்குக் காலடிப் பெடலைத் தளர்த்தி ஒருமுறை அமத்தவேண்டும். குழல் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வாசிக்கும். குழலுக்கு ஒவ்வொரு சுரத்தையும் மீட்டக்கூடாது. முதல் சுரத்தை மட்டும் மீட்டிவிட்டு மிச்சத்தை இடக்கை விரலால் தட்டியே எடுக்கவேண்டும், அப்போதுதான் ஒரே ஊதலில் வருகிறமாதிரி இருக்கும்.

இதையெல்லாம் எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ரஜனி அக்காவுக்குக் கிற்றார் தெரியாது. அவ செய்தது ஒன்றுதான். வேலை முடிந்ததும் ஒரு பேசின் நிறையச் சின்ன வெங்காயத்தோடு வந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முற்றத்துக் கதவைப் பார்த்தபடி பலகையில் இருப்பா. வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பா.

"ஏனக்கா அங்காலை திரும்பி இருக்கிறியள்?"

"உன்ரை கையைப் பாத்தால் எனக்குக் கிற்றார்தான் கேக்கும். திரும்பியிருந்தால் வயலின் கேக்குதோ எண்டு பாக்கிறன்."

வெங்காயம் உரிகிற சத்தம் நிற்காமல் போனால் பரவாயில்லை என்று அர்த்தம். நடுவில் நின்றால் பிழை. எங்கே நின்றதோ அங்கே பிழை. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவவின் முதுகையே பார்ப்பேன்.

முதன்முதல் நான் வாசித்த குழல் இருபது செக்கன் நீளம். எனக்கு நல்ல சந்தோசம். அக்காவின் கை எட்டாவது செக்கனில் நின்றது. திரும்பவேயில்லை.

"உந்தாள் செத்துப்போனான்."

"ஆரக்கா?"

"உன்ரை குழல்காரன். எட்டுச் செக்கனிலை மூச்சு முடிஞ்சிட்டு. பேந்து வாசிச்சது ஆவி."

அவவிடம் வேறு ஒரு பழக்கமும் இருந்தது. மேசை லாச்சியில் ஒரு நீலமட்டைக் கொப்பி. பாட்டு ஒவ்வொன்றுக்கும் யார் என்ன வாசித்தது என்று எழுதுவா. "வயலின்: கிற்றாரில் ஜெறோம்," அது நான். "மிருதங்கம்: ஆள் வந்து வாசித்தது," பெயர். அந்தப் பட்டியலைப் பாட்டோடு சேர்த்து அனுப்புவா. வாங்குகிறவர்கள் அதைக் கேட்பதில்லை. சிலர், "கிற்றார் எண்டு போடாதேங்கோ, வயலின் எண்டே போடுங்கோ" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அக்கா மாட்டா. காரணம் சொன்னதுமில்லை. கொப்பியில் எழுதின பிறகுதான் பாட்டு முடிந்தது என்று அந்த வீட்டில் கணக்கு.

குழல்காரன் செத்துப்போன கதைக்குப் பிறகுதான் அக்கா யமுனாவைக் கூப்பிட்டா.

யமுனாவுக்குச் சாவகச்சேரிப் பக்கம். தோட்டக்காரக் குடும்பம், சைவம். இசை படித்துப் பட்டம் எடுத்து ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தா. சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணம் வந்து பஸ் மாறி மருதனார்மடத்தில் இறங்குவா. குழலைத் துணிப்பையில் சுற்றி, குடையோடு சேர்த்துப் பிடித்திருப்பா. என் வயதுதான். நான் "யமுனா ரீச்சர்" என்பேன். அவ என்னை "மாஸ்ரர்" என்பா. இரண்டு பேருக்கும் அது பகிடி.

முதல் நாள் என்னுடைய குழலைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னா: "நல்லாயிருக்கு மாஸ்ரர். ஆனா உங்களுக்கு நுரையீரல் இல்லை."

"கிற்றாருக்கு எங்கை ரீச்சர் நுரையீரல்?"

"அப்ப கடன் வாங்குங்கோ."

அப்படித்தான் அது தொடங்கியது. அவ வாசிக்க வரும்போதெல்லாம் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துக்குப் பக்கமாக, ஒரு சாண் தள்ளி வைப்பேன். குழலும் விழும், மூச்சும் விழும். பிறகு மூச்சை மட்டும் வெட்டி எடுத்து, நீளத்தின்படி அடுக்கி இலக்கமிட்டு வைப்பேன். மூச்சு எல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன். இல்லை. சின்ன வரிக்கு முன்னர் உதட்டோரத்தால் உறிஞ்சுகிறது ஒன்று. நீண்ட கார்வைக்கு முன்னர் வயிற்றில் இருந்து எடுக்கிறது ஒன்று. கஷ்டமான இடம் தாண்டினபிறகு வருகிற ஆறுதல் ஒன்று. மார்கழிப் பனிக்கு அவவுக்குக் கொஞ்சம் இழுப்பு உண்டு. அந்த மாதத்து மூச்சுகளில் ஒரு மெல்லிய விசில் இருக்கும். அதனால் வரி முடிகிற இடத்தில் அல்ல, முடிய ஒரு சுரத்துக்கு முன்னரே மூச்செடுத்துவிடுவா. படித்தவர்கள் அதைப் பிழை என்பார்கள். எனக்கு அந்த ஒரு சுரத்து அவசரம்தான் யமுனா.

"இண்டைக்கு எத்தினை களவெடுத்தனீங்கள்?" என்று போகும்போது கேட்பா.

"நாலு."

"கவனம் மாஸ்ரர். எனக்கும் கொஞ்சம் மிச்சம் விடுங்கோ."

மூன்று வருடச் சனிக்கிழமைகள். ஒருநாள் பதிவுக்கு நடுவில் கரண்ட் நின்றது. மின்விசிறி நின்றது, கணினி நின்றது. வேர்க்க வேர்க்க மூன்று பேரும் முற்றத்துக் கதவடியில் இருந்தோம். யமுனா அக்காவின் வெங்காயத்தில் பாதியை எடுத்து உரித்துக்கொண்டிருந்தா. தலையை நிமிர்த்தாமல் சொன்னா: "எனக்குச் சரிவந்திட்டுது. லண்டன்."

அக்கா, "எடியே! மாப்பிள்ளை என்ன செய்யிறார்?" என்று கேட்க, அவ சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் என் பக்கம் பார்த்தா. நான், "நல்லது ரீச்சர்" என்றேன். வேறு எதைச் சொல்லியிருந்தாலும், குருநகரில் இருந்து சாவகச்சேரிக்கு அதற்கு பஸ் இல்லை.

கலியாணத்துக்கு முதல் சனிக்கிழமை கடைசியாக வந்து வாசித்தாவே, அதுதான் சிந்து கேட்கிற பாட்டு. சாவகச்சேரியில் பிறந்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், தாயார் செத்து ஒரு மாதத்தில் வருகிற அந்தியேட்டிக் கிரியைக்காகச் செய்வித்தது. 'கல்வெட்டு' என்று அச்சடிக்கிற நினைவுப் புத்தகத்தில் வந்த நாலு பாடலுக்கு மெட்டுப் போட்டு ஒரே பாட்டாக்கினோம். யமுனா முகப்பும் முதல் இடையிசையும் வாசித்தா. ஒரே தரத்தில் சரியாக வந்தது. அவ குழலைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு போய்விட்டா.

அவ விமானம் ஏறின நாலாம் நாள் பாட்டைச் செய்வித்தவர் எழுதினார். கடைசிப் பாடலுக்கு முன்னர் இன்னொரு இடையிசை வேண்டும், அதே குழலில், இரண்டு வரி. அந்தியேட்டிக்கு ஒன்பது நாள் இருந்தது.

ரஜனி அக்கா யோசிக்கவேயில்லை. "யமுனாவைக் கேள். அங்கையிருந்து போனிலை பதிஞ்சு அனுப்பட்டும். அவளாலை ஏலாதெண்டால் நீ கிற்றாரிலை வாசி, கொப்பியிலை அப்பிடியே எழுதுவம்."

நான் "ஓம்" என்றேன். ஆனால் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கைபேசியை எடுத்து, "யமுனா ரீச்சர்" என்று எழுதி, அழித்தேன். புதுப் பெண். பக்கத்தில் புருசன் இருப்பார், மாமி இருப்பா. "ஆர் உது?" என்று கேட்டால் அவ என்ன சொல்லவேண்டும்? இதை நான் எனக்குச் சொன்ன காரணமாக எழுதுகிறேன். அடியில் இருந்த காரணம் வேறு. எனக்கு அந்த இரண்டு வரியை யமுனாவாக வாசிக்க ஆசையாக இருந்தது. அவ இல்லாத அறையில் அவவின் குழல் கேட்கவேண்டும், அதை நானே வரவழைக்கவேண்டும்.

ஆறு நாள் எடுத்தேன். அவவின் பழைய பதிவுகளை மெதுவாக ஓடவிட்டு, எந்தச் சுரத்துக்குக் கீழிருந்து எவ்வளவு தூரம் ஏறிப் போகிறா என்று பார்த்தேன். இரண்டு வரியையும் ஒரே கம்பியில், மூன்று விரலால் மட்டும் வாசித்தேன். கம்பி மாறினால் ஏற்றத்தில் ஒரு படி தெரியும். மீட்டுகிற விரலில் நகத்தை வெட்டி, சதையால் மட்டும் தொட்டேன். வரி முடிய ஒரு சுரத்துக்கு முன்னர் நிறுத்தினேன், அவ நிறுத்துகிறமாதிரி. அந்த இடைவெளிகளில் மூச்சு வைக்கவேண்டும். மூன்று இடம். முதலாவதுக்குப் பன்னிரண்டாவது மூச்சு பொருந்தியது. இரண்டாவதுக்கு ஆறாவது. மூன்றாவதுக்கு ஒன்றும் சரிவரவில்லை. எல்லாம் அளவுக்கு மிஞ்சி ஒழுங்கான மூச்சுகள். கடைசிப் பாடல் தாயைப் பார்த்து மகன் பேசுகிற இடம். அதற்கு முன்னர் வருகிற மூச்சு சும்மா காற்றாக இருக்கக்கூடாது. முப்பத்தொன்றைப் போட்டேன். ஏதோ தயங்கி, உள்ளே எடுத்து, நெஞ்சில் வைத்திருக்கிற மூச்சு. அதுதான் என்று வைத்துவிட்டேன்.

வாசிக்கும்போது நானும் அவவோடு மூச்செடுத்து மூச்சு விட்டேன். வீட்டிலும் அப்படியே நடந்திருக்கவேண்டும். அம்மா தேங்காயெண்ணெயும் கற்பூரமும் காய்ச்சிக்கொண்டு வந்து, "உனக்கு இழுப்பு வந்திட்டே மோனை?" என்று நெஞ்சில் பூசிவிட்டா.

ஏழாம் நாள் அக்கா பேசினோடு வந்து திரும்பி இருந்தா. நான் போட்டேன். வெங்காயச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது மூச்சில் நின்றது. பிறகு மெதுவாகத் தொடங்கியது. பாட்டு முடிந்தபோது அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்தா. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"அங்கை போயும் நல்லா வாசிக்கிறாள், பாத்தியே. கேட்டவுடனை அனுப்பினவளோ?"

அந்த இடத்தில் இரண்டு பதில் இருந்தது. நான் சொன்னது: "ஓமக்கா."

அவ கொப்பியை எடுத்து, "குழல்: யமுனா" என்று எழுதினா. எட்டு வருடத்தில் அந்தக் கொப்பியில் ஏறிய ஒரே பொய் அது. பாட்டு அந்தப் பட்டியலோடு போனது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலைநேரம் யமுனாவின் குரல் செய்தி வந்தது. பின்னால் ஏதோ வாகனச் சத்தம், நடந்துகொண்டு பேசுகிறா.

"மாஸ்ரர், எப்பிடி இருக்கிறியள்? அந்தியேட்டிப் பாட்டு ஆரோ இஞ்சை அனுப்பிச்சினம். கேட்டன். ரெண்டாவது இடையிசை நான் வாசிக்கேல்லை. எங்கடை வீட்டுக்காரர் அதைக் கேட்டிட்டு, உன்ரை வாசிப்பிலை இதுதான் திறம் எண்டு சொல்லுறார். நான் என்னத்தைச் சொல்லுறது? பேரை மாத்துங்கோ மாஸ்ரர். வாசிச்சது நீங்கள்." ஒரு பஸ் இரைந்து கடந்து போனது. "மூச்சு என்ரைதான். அது பரவாயில்லை, தந்தனான்தானே. ஆனா அந்த மூண்டாவது, அது குழலுக்கு எடுத்த மூச்சில்லை. அண்டைக்கு வாசிச்சு முடிச்சாப்பிறகு ஒண்டு கதைக்க எண்டு எடுத்தனான். பிறகு கதைக்கேல்லை. அது பாட்டிலை வந்திருக்கக்கூடாது. சரி, வைக்கிறன்."

நான் அதை எத்தனை தரம் கேட்டேன் என்று எழுதத் தேவையில்லை. பதிலுக்கு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இண்டைக்கே மாத்திறன்" என்று அனுப்பினேன். "சரி" என்று வந்தது. என்ன கதைக்க எடுத்த மூச்சு என்று நான் கேட்கவில்லை. கலியாணத்துக்கு முதல் சனிக்கிழமை கேட்டிருக்கவேண்டியதை, மூன்று மாதம் கழித்து லண்டன் தெருவில் நடந்து போகிற ஆளிடம் கேட்க முடியாது.

அன்றே அக்காவிடம் சொன்னேன். வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. கொப்பியை என் முன்னால் தள்ளினா.

"நீயே வெட்டு. நீயே எழுது."

வெட்டினேன். "குழல், இரண்டாம் இடையிசை: கிற்றாரில் ஜெறோம்."

"மூச்சு?"

"மூச்சு: யமுனா" என்று அடியில் எழுதினேன்.

"பாட்டுச் செய்விச்சவருக்கும் எழுது. அந்தியேட்டி வீட்டுக்குப் பொய் குடுத்திருக்கிறம்." பேசினை எடுத்துக்கொண்டு எழும்பினா. வாசலில் நின்று சொன்னா: "எனக்கு யமுனா வாசிக்கிறாள் எண்டு கேட்டுது தம்பி. நான் அழுதனான். அதுதான் எனக்குக் கோவம்."

வேலை போகவில்லை. ஆனால் அடுத்த பாட்டைக் கேட்கும்போது அக்கா என் பக்கம் திரும்பி இருந்தா. என் கையைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரித்தா. அதற்குப் பிறகு அப்படித்தான். நல்ல பிள்ளை, நல்லா வாசிக்கிறாய் என்று சொல்லுவா, சாப்பாடு தருவா, பகிடி விடுவா. முதுகைக் காட்டமாட்டா. எட்டு வருடத்தில் கடைசி மூன்று வருடமும் எனக்கு அந்த முதுகு கிடைக்கவில்லை. மன்னாரில் கோப்புகளுக்கு இலக்கமிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது கிற்றார் அல்ல. முற்றத்து வெளிச்சத்தில் அந்த முதுகும், நிற்காமல் போகிற அந்தச் சரசரப்பும்தான்.

நான் விலகிய அன்று அக்கா பகிடிக்கு இளைப்பாறுதல் விழா நடத்தினா. வடை, பிளேன்ரீ எல்லாம் வைத்து, "நீண்டகால சேவையின்பின் எம்மைவிட்டுப் பிரியும் திருவாளர் ஜெறோம் அவர்களே" என்று சிரிக்காமல் வாசித்து முடித்தா. சிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அக்கா பேசினை எடுத்தா.

"ஒண்டு வாசி. குழல்."

பலகையை இழுத்துப் போட்டு இருந்தா. முழுதாகத் திரும்பவில்லை. பக்கவாட்டாக, பாதி முகம் எனக்கும் பாதி முற்றத்துக்குமாக. நான் வாசித்தேன். கோப்பில் இருந்து ஒரு மூச்சும் எடுக்கவில்லை. மூச்சு வரவேண்டிய இடங்களைச் சும்மா விட்டேன். அக்காவின் கை நிற்கவில்லை.

"ஒருத்தனும் சாகேல்லை" என்றா. அவ்வளவுதான்.

இனி சிந்துவுக்குப் பதில்.

பிள்ளை, இப்போது நாலு வரி எழுதிக் கொடுத்தால் கணினி பாட்டும் குழலும் மூச்சும் சேர்த்தே தருகிறது என்று நீ சொன்னாய். தரட்டும். அது யாருடைய மூச்சு என்று கொப்பியில் எழுத இடம் இருந்தால் எழுது. டிஸ்கில் இடம் காணாவிட்டால் என்னுடைய வயலின்களை அழி, நாதஸ்வரத்தை அழி. அவற்றைத் திரும்ப வாசிக்கலாம். மூச்சுக் கோப்புகளில் நாற்பத்திரண்டையும் நீ பாவிக்கலாம், அவ தந்ததுதான். பாவித்தால் பெயரை எழுது.

முப்பத்தொன்றைப் பாவிக்காதே. ஒருமுறை மட்டும் கேள், ஹெட்போன் போட்டு, கடைசிவரை. மூச்சு உள்ளே போகும். கொஞ்சம் நிற்கும். அந்த இடத்தில் மெல்லிய ஒரு 'டிக்' கேட்கும், அதோடு கோப்பு முடியும். பாட்டில் சேர்க்கும்போது அதைச் சத்தம் என்று நினைத்து அழித்துவிட்டேன். யமுனா சொன்ன பிறகுதான் அது என்ன என்று எனக்கு விளங்கியது. எங்களுக்கு எப்போதும் இடப் பஞ்சம். கடைசிச் சுரம் அடங்கின உடனே பதிவை நிறுத்துவது அந்த அறையின் பழக்கம். எனக்கு அதில் நல்ல கெட்டித்தனம். அன்றைக்கும் பொத்தானை அமத்திவிட்டு, "சரி ரீச்சர், வந்திட்டுது!" என்றேன். அந்த 'டிக்' என்னுடைய விரல்.

ஆகவே இளைப்பாறினவன் என்ற முறையில் உனக்குச் சொல்ல என்னிடம் தொழில் இரகசியம் ஒன்றுதான் இருக்கிறது. ஆள் வந்து வாசித்து முடித்த பிறகு, கையை மடியில் வைத்துக்கொண்டு, மனதுக்குள் பத்து எண்ணு. அதற்குப் பிறகு நிறுத்து. டிஸ்க் நிரம்பினால் நிரம்பட்டும்.